குப்பைப் பையும் கணக்குப் புத்தகமும்: வாசகர் கேள்வி பதில்

பணமும் செல்வாக்கும் உள்ள ஒரு குற்றவாளியைத் துரத்துகிற துப்பறிவாளருக்கு நிஜத்தில் என்ன நடக்கும் என்பதைப் பற்றிக் கேள்விகள் அனுப்புங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் கோபக் கடிதங்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: துப்பறியும் கதையில் குற்றவாளி யார் என்பதுதான் புதிர். நிஜத்தில் யார் செய்தது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, ஆனாலும் தொட முடியவில்லை. அப்படியென்றால் துப்பறிவாளருக்கு அங்கே என்னதான் வேலை?

பதில்: நீங்கள் கேட்டதில்தான் விஷயமே இருக்கிறது. ஏழை செய்த குற்றத்தில் 'யார்' என்று கண்டுபிடித்தால் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். பணக்காரன் செய்த குற்றத்தில் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. 1920களின் கடைசியில் சிகாகோவின் கள்ளச்சாராயக் கும்பல் தலைவன் அல் கபோன் யார், என்ன தொழில் செய்கிறான் என்று பத்திரிகை படிக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் அவன் பெயரில் வங்கிக் கணக்கு கிடையாது, வரிக் கணக்கு ஒரு வருஷம்கூடத் தாக்கல் செய்ததில்லை, ஃபுளோரிடா வீடு மனைவி பெயரில். காகிதத்தில் பார்த்தால் அவனுக்கு வருமானமே இல்லை! போலீஸிலும் அரசியலிலும் அவன் பணம் போகாத இடம் குறைவு.

அமெரிக்க வரித்துறையின் புலனாய்வுப் பிரிவில் ஃபிராங்க் வில்சன் என்று ஒரு அதிகாரி. அவரிடம் வந்த வேலை, கபோனுக்கு வருமானம் இருந்தது என்று நிரூபிப்பது. சட்டம் மட்டும் தயாராக இருந்தது, ஏனென்றால் சட்டவிரோதத் தொழிலில் வந்த வருமானத்துக்கும் கணக்குக் காட்டத்தான் வேண்டும் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1927இல் சொல்லிவிட்டது. வில்சன் மாதக்கணக்கில் வங்கிச் சீட்டுகளையும் ரசீதுகளையும் புரட்டிக்கொண்டே இருந்தார். 1930இல் ஒரு ராத்திரி, அலமாரிக்குள் மறந்துபோய்க் கிடந்த பழைய கட்டு ஒன்றைப் பிரித்தபோது உள்ளே சூதாட்ட விடுதியின் கணக்குப் புத்தகங்கள் இருந்தன. 1926இல் ஒரு அரசு வழக்கறிஞர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு நடந்த சோதனையில் கைப்பற்றியவை. நான்கு வருஷமாக யாரும் திறந்து பார்க்கவில்லை. எந்த விளையாட்டில் எவ்வளவு வந்தது, லாபத்தில் யாருக்கு எவ்வளவு போனது எல்லாம் பத்தி பத்தியாக எழுதியிருந்தது.

இனிமேல்தான் துப்பறிதல். அந்தக் கையெழுத்து யாருடையது? வில்சனின் ஆட்கள் அதன் மாதிரியை எடுத்துக்கொண்டு வங்கியில் பணம் கட்டிய சீட்டு, வாக்காளர் பதிவு என்று ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டுக்கொண்டே போய், கடைசியில் லெஸ்லி ஷம்வே என்ற பழைய காசாளரைக் கண்டுபிடித்தார்கள். அவர் மயாமியில் நாய்ப் பந்தய மைதானம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கைரேகை கிடையாது, துரத்தல் கிடையாது. ஒரு கணக்குப்பிள்ளையின் எழுத்து, அவ்வளவுதான்.

கேள்வி: இத்தனை கொலைகளுக்குப் பின்னால் இருந்தவனை வரி கட்டவில்லை என்று உள்ளே போட்டது ஒரு வெற்றியா? மனசு ஒப்பவில்லை.

பதில்: எனக்கும் முழுசாக ஒப்பவில்லை. 1929 பிப்ரவரி 14 அன்று ஒரு கராஜில் ஏழு பேரைச் சுவரோரம் நிற்கவைத்துச் சுட்டார்கள். அந்தக் கொலைகளுக்காக இன்றுவரை யாருக்கும் தண்டனை கிடையாது. கபோன் அந்த நேரம் ஃபுளோரிடாவில் இருந்தான். 1931 அக்டோபரில் அவனுக்குக் கிடைத்தது வரி ஏய்ப்புக்காக 11 ஆண்டுச் சிறையும் 50,000 டாலர் அபராதமும். செத்தவர்களின் குடும்பத்துக்கு அந்தத் தீர்ப்பில் ஒரு வரிகூட இல்லை.

ஆனாலும் அந்த வழக்கில் ஒன்றைப் பார்க்க வேண்டும். விசாரணைக்கு முன்னால் ஒரு பேரம் நடந்தது. கபோன் குற்றத்தை ஒப்புக்கொள்வான், இரண்டரை வருஷத்தோடு விட்டுவிடுவார்கள். அரசுத் தரப்பும் தலையாட்டியது. நீதிபதி ஜேம்ஸ் வில்கர்சன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, உங்கள் பேரம் என்னைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டார். அப்புறம் ஜூரிகளுக்கு, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்ல உட்காரவைக்கிற பொதுமக்களுக்கு, பணம் போகிறது என்று வில்சனுக்குத் தகவல் வர, அதை நீதிபதியிடம் சொன்னார்கள். நீதிபதி சத்தம் போடாமல் இருந்துவிட்டு, விசாரணை தொடங்கும் நாளில் தன் ஜூரிப் பட்டியலை இன்னொரு நீதிபதியின் பட்டியலோடு மாற்றிக்கொண்டார். விலை கொடுத்து வாங்கிய ஜூரிகள் வேறு ஏதோ அறையில் வேறு ஏதோ வழக்குக்குப் போய் உட்கார்ந்தார்கள். துப்பறிவாளர் எவ்வளவு உழைத்தாலும் அடுத்த நாற்காலியில் ஒரு ஆள் அசையாமல் உட்கார வேண்டியிருக்கிறது. அந்த ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அடுத்த கேள்வியே போதும்.

கேள்வி: ஜெஃப்ரி எப்ஸ்டீன் விஷயத்தில் போலீஸ் விலைபோய்விட்டது என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். பணம் இருந்தால் போலீஸ் ஒன்றும் செய்யாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பதில்: இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும், ஏனென்றால் நீங்கள் குற்றம் சொல்கிற இடம் தவறு, அதனால் வேலையைச் சரியாகச் செய்த இரண்டு பேரின் பெயர் கெடுகிறது.

2005 மார்ச்சில் ஃபுளோரிடாவின் பாம் பீச் என்ற சின்ன ஊர் போலீஸுக்கு ஒரு புகார் வந்தது. 14 வயதுச் சிறுமிக்கு அந்த ஊர்ப் பணக்காரர் எப்ஸ்டீன் வீட்டில் பாலியல் கொடுமை நடந்திருக்கிறது என்று. எப்ஸ்டீனின் நட்பு வட்டத்தில் முன்னாள் அமெரிக்க ஜனாதிபதியும் இருந்தார், பிரிட்டிஷ் இளவரசரும் இருந்தார். வழக்கு டிடெக்டிவ் ஜோசப் ரெகேரி கைக்கு வந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? அந்த மாளிகையிலிருந்து வெளியே வருகிற குப்பைப் பைகளை எடுத்துப் பிரித்துப் பார்த்தார்கள். தொலைபேசியில் யார் கூப்பிட்டார்கள் என்று வேலைக்காரர்கள் குறித்துவைத்த துண்டுச் சீட்டுகள், பெயர்கள், எண்கள். ஒரு சிறுமியின் பேச்சிலிருந்து இன்னொரு சிறுமி, அவளிடமிருந்து அடுத்தவள் என்று ஒவ்வொரு வீடாகப் போய் உட்கார்ந்து கேட்டார். ஒருவரையொருவர் அறியாத பெண் பிள்ளைகள் ஒரே மாதிரி விவரத்தைச் சொன்னார்கள். பயந்துபோன ஒரு பதினாறு வயதுப் பிள்ளையிடம் அவசரப்படாமல், அவள் வெட்கப்படாதபடி, ஆனால் நீதிமன்றத்தில் நிற்கும்படி வாக்குமூலம் வாங்குவது எவ்வளவு கஷ்டமான வேலை என்று நினைத்துப் பாருங்கள்.

2005 அக்டோபரில் வீட்டைச் சோதனை போட்டபோது கம்ப்யூட்டர்களை முன்கூட்டியே கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். இதற்கிடையில் எதிர்த் தரப்பு அமர்த்திய தனியார் துப்பறிவாளர்கள் போலீஸ்காரரையே பின்தொடர்ந்தார்கள். ரெகேரி வண்டியை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டியிருந்தது. துப்பறிகிற தொழிலைக் கற்றவர்கள் அந்தத் திறமையைச் சிறுமிகளையும் அவர்களுக்காக உழைக்கிறவரையும் பயமுறுத்தப் பயன்படுத்தினார்கள் என்பதை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை.

2006 மே மாதம் போலீஸ் பல பிரிவுகளில் குற்றச்சாட்டுக்கு ஆவணம் தயாரித்துக் கொடுத்தது. மாநில அரசு வழக்கறிஞர் அதைக் கிராண்ட் ஜூரிக்கு, அதாவது வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்கிற பொதுமக்கள் குழுவுக்கு, அனுப்பினார், அங்கிருந்து வெளியே வந்தது ஒரே ஒரு குற்றச்சாட்டு, அதுவும் விபச்சாரத்துக்கு அழைத்ததாக. போலீஸ் தலைவர் மைக்கேல் ரைட்டர், நீங்கள் இந்த வழக்கிலிருந்து விலகிக்கொள்வதை யோசியுங்கள் என்று அரசு வழக்கறிஞருக்கே எழுத்தில் கடிதம் கொடுத்துவிட்டு, கோப்பை எஃப்.பி.ஐ.யிடம் கொண்டுபோனார். சின்ன ஊர் போலீஸ் தலைவர் ஒருவர் இப்படி எழுதுவது சாதாரணம் கிடையாது.

மத்திய அரசு வழக்கறிஞர்கள் 53 பக்கத்துக்குக் குற்றப்பத்திரிகை வரைவு தயார் செய்தார்கள். அப்புறம் 2007இல் ஒரு ரகசிய ஒப்பந்தம் போட்டு மத்திய வழக்கே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். பாதிக்கப்பட்ட பெண்களுக்குச் சொல்லக்கூட இல்லை. அது சட்டத்தை மீறிய செயல் என்று ஒரு மத்திய நீதிபதி சொல்ல 2019 ஆகிவிட்டது. 2008இல் எப்ஸ்டீனுக்குக் கிடைத்தது 18 மாதம், இருந்தது ஏறக்குறைய 13 மாதம், அதிலும் வாரத்தில் ஆறு நாள் பகலில் தன் அலுவலகத்துக்குப் போய்வர அனுமதி. வில்கர்சன் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பற்றி மேலே எழுதினேன் அல்லவா, இங்கே அது காலியாக இருந்தது.

ஆக, போலீஸ் விலைபோகவில்லை. போலீஸ் பிடித்துக் கொடுத்ததை மேலே இருந்தவர்கள் கைநழுவ விட்டார்கள்.

கேள்வி: நான் துப்பறியும் கதை எழுதுகிறேன். என் நாயகன் நான்கு வருஷமாகத் துரத்துகிற கோடீஸ்வரன் ஒவ்வொரு முறையும் தப்பிக்கிறான். கடைசியில் நாயகன் அவன் வீட்டுப் பூட்டை உடைத்து ஆதாரத்தை எடுக்கிறான். வாசகர் கைதட்டுவார்களா?

பதில்: கைதட்டலாம். ஆனால் அடுத்த அத்தியாயத்தில் அந்தக் கோடீஸ்வரனின் வக்கீல் என்ன செய்வார் என்று யோசித்தீர்களா? பூட்டை உடைத்து எடுத்த காகிதத்தை யார் வைத்தது, எப்போது வைத்தது, நாயகனே கொண்டுவந்து போட்டானா என்ற கேள்விகள்தான் விசாரணை முழுக்க ஓடும். குற்றவாளி செய்தது பின்னுக்குப் போய், துப்பறிவாளர் கூண்டில் நிற்பார். அமெரிக்காவில் போலீஸ் இப்படி எடுத்ததை நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளாது. நம் நாட்டில் சட்டம் அவ்வளவு கடுமை இல்லை, சம்பந்தமுள்ள ஆதாரம் என்றால் எடுத்த விதத்துக்காக மட்டுமே ஒதுக்கிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1973இல் சொல்லியிருக்கிறது. ஆனாலும் நல்ல வக்கீல் கையில் அது ஓட்டைதான்.

ரெகேரி ஏன் குப்பையைப் பார்த்தார் என்று கவனியுங்கள். தெருவோரம் வெளியே வைத்த குப்பையைப் பிரித்துப் பார்க்க வாரண்ட் தேவையில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988இல் தீர்ப்புச் சொல்லியிருந்தது. எவ்வளவு பெரிய மதில் கட்டினாலும் அந்த ஒரு பை சட்டப்படி வெளியே வந்துவிடுகிறது. உங்கள் நாயகனுக்கு அப்படி ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுங்கள். பூட்டை உடைக்கத் தெரிந்தவனைவிட, உடைக்காமலே உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்கிறவன்மேல்தான் எனக்கு மரியாதை வருகிறது.

கேள்வி: சாட்சிகள் பல்டி அடித்தால் துப்பறிவாளர் என்னதான் செய்வார்?

பதில்: 1999இல் டெல்லியில் ஜெசிகா லால் கொல்லப்பட்டது ஞாபகம் இருக்கும். விருந்து நடந்த இடம், அவ்வளவு பேர் இருந்தார்கள். சுட்டவன் அரசியல்வாதியின் மகன் மனு சர்மா. நேரில் பார்த்தவர்கள் நீதிமன்றத்தில் மாற்றிப் பேசி பிறழ் சாட்சி ஆனார்கள், துப்பாக்கி கிடைக்கவே இல்லை, 2006 பிப்ரவரியில் எல்லோரும் விடுதலை. ஊர் கொதித்தெழுந்த பிறகு அதே வருஷம் டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது, 2010இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மாற்றிப் பேசாமல் நின்ற சாட்சிகளால்தான் அது முடிந்தது.

நம் சட்டத்தில் போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்துக்குத் தனியாக மதிப்பில்லை, சாட்சி கூண்டில் ஏறிச் சொன்னால்தான் உண்டு. அதனால் முக்கியமான சாட்சியை முதலிலேயே மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி வாக்குமூலம் பதிவு செய்துவிடுவது புத்திசாலித்தனம். பிறகு மாற்றிப் பேசுவது அவ்வளவு சுலபமில்லை. சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதே 2018 டிசம்பரில்தான். கபோன் வழக்கில் ஃபிரெட் ரீஸ் என்ற இன்னொரு காசாளரைத் தென் அமெரிக்காவுக்கே அனுப்பிப் பத்திரமாக வைத்திருந்து, விசாரணை வந்ததும் வரவழைத்தார்கள். சாட்சி கோழை என்று திட்டுவதை நாம் நிறுத்த வேண்டும். குழந்தை குட்டியோடு அதே தெருவில் குடியிருக்கிறவரிடம் தனியாக நின்று தைரியம் காட்டு என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

கேள்வி: ரெட் நோட்டீஸ் போட்டும் ஏன் பிடிக்க முடியவில்லை?

பதில்: ரெட் நோட்டீஸ் என்பது உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் கைது வாரண்ட் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. இந்த ஆளைக் கண்டுபிடித்துத் தற்காலிகமாகப் பிடித்துவையுங்கள் என்று இன்டர்போல் வழியாக உறுப்பு நாடுகளுக்குப் போகிற வேண்டுகோள். பிடிப்பதும் விடுவதும் அந்தந்த நாட்டின் சட்டமும் விருப்பமும். செய்த காரியம் இரண்டு நாட்டிலும் குற்றமாக இருக்க வேண்டும், அந்த நாட்டு நீதிமன்றம் சம்மதிக்க வேண்டும், மேல்முறையீடுகள் தீர வேண்டும். நல்ல வக்கீல் வைக்கிற வசதி இருப்பவருக்கு ஒவ்வொரு படியும் சில வருஷம்.

கேள்வி: மலேசியாவின் 1எம்.டி.பி. மோசடியை விசாரித்தவர்களுக்கு என்ன ஆனது என்று எழுதுவீர்களா?

பதில்: கேட்டதற்கு நன்றி. எல்லோரும் பணத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள், விசாரித்தவர்களைப் பற்றிக் கேட்பதில்லை. 1எம்.டி.பி. என்ற அந்த அரசு முதலீட்டு நிதியிலிருந்து 450 கோடி டாலருக்கு மேல் திருப்பிவிடப்பட்டது என்பது அமெரிக்க நீதித்துறையின் குற்றச்சாட்டு. 2015இல் விசாரணை பிரதமர் நஜிப் ரசாக்கை நெருங்கிய நேரத்தில் அந்த நாட்டின் தலைமை அரசு வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் மாற்றப்பட்டார். ஊழல் தடுப்பு ஆணையத்தின் இரண்டு அதிகாரிகளைத் திடீரென்று பிரதமர் அலுவலகத்துக்கு இடமாற்றம் செய்தார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் திரும்பப் பெற்றார்கள். 2016 ஜனவரியில் புதிய அட்டர்னி ஜெனரல், பிரதமர்மேல் குற்றம் எதுவும் இல்லை என்று கோப்பை மூடினார்.

ஆனால் அந்தப் பணம் பல நாட்டு வங்கிகள் வழியாகப் போயிருந்தது. ஒரு நாட்டில் கோப்பை மூடலாம், சிங்கப்பூரிலும் சுவிட்சர்லாந்திலும் அமெரிக்காவிலும் சேர்த்து மூட முடியுமா? அங்கெல்லாம் விசாரணை ஓடிக்கொண்டே இருந்தது. 2018 மே தேர்தலில் ஆட்சி மாறியது, ஜூலையில் நஜிப்மேல் வழக்கு, 2020இல் 12 ஆண்டுத் தண்டனை, 2022 ஆகஸ்டில் சிறை. 2024இல் மன்னிப்பு வாரியம் அதைப் பாதியாகக் குறைத்தது வேறு விஷயம். மூளையாக இருந்தவர் என்று குற்றம் சாட்டப்பட்ட ஜோ லோ மட்டும் எந்த நீதிமன்றத்திலும் வந்து நிற்கவில்லை. தான் நிரபராதி என்பது அவர் தரப்பு. அவருடையது என்று சொல்லப்பட்ட ஆடம்பரக் கப்பலைப் பாலித் தீவு அருகே பிடித்து, 2019இல் 12.6 கோடி டாலருக்கு விற்றார்கள். ஆள் சிக்காவிட்டாலும் பணத்தைத் துரத்தலாம் என்பதை இந்த வழக்கு காட்டியது. கூண்டில் ஒருவரை நிறுத்துவதற்கு அது ஈடாகாது, தெரிந்துதான் சொல்கிறேன். ஆனால் மக்கள் பணத்தில் ஒரு பகுதியாவது திரும்ப வந்தது.

கேள்வி: என் மகள் புலனாய்வு அதிகாரி ஆக வேண்டும் என்கிறாள். உடற்பயிற்சி, துப்பாக்கிச் சுடுதல் எல்லாம் இப்போதே சேர்த்துவிடலாமா?

பதில்: சேர்த்துவிடுங்கள், உடம்புக்கு நல்லது. கூடவே கணக்குப் பதிவியல் படிக்கட்டும். தான் பார்த்ததை, பார்த்த நேரத்தோடு, கூட்டாமல் குறைக்காமல் எழுதிப் பழகட்டும். பெரிய குற்றவாளிகளை மாட்டவைத்தது பெரும்பாலும் யாரோ ஒழுங்காக எழுதிவைத்த பக்கங்கள்தான்.

கேள்வி: ரெகேரி, ரைட்டர் இரண்டு பேரும் தோற்றுப்போனவர்கள்தானே? அவர்கள் உழைப்பு கடைசியில் எதற்காவது பயன்பட்டதா?

பதில்: பயன்பட்டது. பத்து வருஷம் கழித்து 'மயாமி ஹெரால்ட்' பத்திரிகையின் ஜூலி பிரவுன் அந்த வழக்கை மறுபடி தோண்டினார். அவர் கையில் இருந்ததில் முக்கியமானது அந்தச் சின்ன ஊர் போலீஸின் ஆவணங்கள். ரெகேரியும் ரைட்டரும் அவரிடம் முதல்முறையாக வெளிப்படையாகப் பேசினார்கள். 2018 நவம்பரில் தொடர் வெளியானது, 2019 ஜூலை 6 அன்று எப்ஸ்டீனைக் கைது செய்தார்கள், அந்த ஒப்பந்தத்தைப் போட்ட மத்திய அரசு வழக்கறிஞர் அதற்குள் அமைச்சராகியிருந்தார், அதே மாதம் ராஜினாமா செய்தார். ஆகஸ்ட் 10 அன்று எப்ஸ்டீன் சிறையிலேயே இறந்துபோனான். விசாரணை நடக்கவில்லை. அந்தப் பெண்களுக்கு அது இரண்டாவது ஏமாற்றம்.

ஆனால் 2021இல் அவனுடைய கூட்டாளி கிஸ்லேன் மேக்ஸ்வெல்மேல் நியூயார்க்கில் விசாரணை நடந்தபோது, 2005இல் பாம் பீச் போலீஸ் அந்த வீட்டிலிருந்து எடுத்துவந்த மசாஜ் மேஜையைத் தூக்கிக்கொண்டு வந்து ஜூரி முன்னால் விரித்துவைத்தார்கள். 16 வருஷம் அதைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். மேக்ஸ்வெல்லுக்கு 20 ஆண்டுச் சிறை.

ரெகேரி இது எதையும் பார்க்கவில்லை. தொடர் வெளிவருவதற்கு ஆறு மாதம் முன்னால், 2018 மே மாதம் காலமாகிவிட்டார். வயது 50.